பட்ட மாணவரும் ஆராய்ச்சி முன்வரைவும்

(நமது சங்கத்தின் ஆதரவில் இராயபுரத்திற் கூடிய மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேசவேண்டுமென்று நிர்வாகிகள் குறித்த பொருள், பட்ட மாணவர் தம் ஆராய்ச்சிக்கு முன்வரைவு எழுதும் முறையாகும். இது கல்லூரியாருக்கு உரிய விஷயமாயிற்றே, துறைமுகத்திலும் ஆலையிலும் கடலிலும் உழைத்து வீடு திரும்பும் நமக்கு இதில் என்ன பங்கு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அங்ஙனம் எண்ண வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் எழுதப்போவது பெரும்பாலும் நம் தெருவையும் நம் தொழிலையும் பற்றியே. அவர்கள் குறிப்பேட்டைக் கையிலேந்தி முதலில் வந்து நிற்கும் வாயிலும் நம் வீட்டு வாயிலே. ஆதலின் அவர்கள் செய்வது இன்னதென்று நாமும் அறிந்திருத்தல் நலம்.

முன்வரைவு என்பது யாது? பட்டப்படிப்பின் இறுதியில் மாணாக்கர் தாமே ஒரு பொருளை ஆராய்ந்து சிறு நூலொன்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் பட்டத்திட்டம், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றோர் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சி செய்யலாம் என்று வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிற் பெரும்பாலானவற்றில் நடைபெறுவது மூன்றாண்டுப் படிப்பே. அங்கும் 'புராஜெக்ட்' என்று வழங்கும் ஆய்வேடு பல துறைகளில் உண்டு. அவ்வேட்டைத் தொடங்குமுன், "யான் கேட்கும் கேள்வி இது, முன்னோர் இதைப்பற்றிச் சொல்லியிருப்பது இது, இவ்வழியில் விடை தேடுவேன், இத்தனை நாளில் முடிப்பேன்" என்று ஆசிரியரிடம் எழுதிக் கொடுக்கும் நாலைந்து பக்கமே முன்வரைவாகும். வீடு கட்டுவோர் அஸ்திவாரம் தோண்டுமுன் மனையை அளந்து கயிறு பிடிப்பது போன்றது அது. கயிறு கோணினால் சுவரும் கோணும்.

இருபது வயதுப் பிள்ளைகளின் ஆராய்ச்சியால் உலகுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று ஒன்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். அவர் மாணாக்கரைப் பார்த்து இந்தியாவின் வறுமையைப் பற்றிக் கட்டுரை எழுதுங்கள் என்று சொல்லவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்வோரிடம் ஒரு வினாத்தொகுப்பைக் கொடுத்து, நிலம் யாரிடம் எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று தத்தமக்கு அறிமுகமான ஊரில் விசாரித்து எழுதிவரச் சொன்னார். அவ்வாறு வந்த ஏடுகளைத் தொகுத்து, சில தென்னிந்தியக் கிராமங்கள் என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக 1918-இல் வெளியிட்டார்.

அதன் பயனைப் பாருங்கள். ஏறக்குறைய இருபதாண்டு கழித்து, 1936-37-இல், பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் என்னும் இருவரும் அக்கிராமங்களை மீண்டும் ஆராய வழிநடத்தி, 1940-இல் வேறொரு நூல் வெளியிட்டனர். அவ்வூர்களுள் ஒன்றாகிய விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 2008-ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் சென்றனர். நிலவுரிமையும் உழைப்பும் சாதி நிலையும் 1916 முதல் எவ்வாறு மாறின என்று அவர்களால் எழுத முடிந்தது. ஏன்? ஒரு மாணாக்கர் ஒரு விடுமுறையில் தெரிந்த ஊரைப்பற்றி, சிறிய கேள்விகளுக்கு, தேதியுடன் விடை குறித்து வைத்ததனாலன்றோ? அம்மாணாக்கர் பெரிய கேள்வி கேட்டிருப்பாராயின் அவ்வேட்டை இன்று எவரும் தேடியிரார்.

நிற்க. இனி நம் பகுதிக்கு வருவோம். இராயபுரம் புகைவண்டி நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. துறைமுகத்துக்கு 1875-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார், 1881-ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அவ்வேலையைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கிற்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தோன்றி 2017-இல் மூடப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் ஆண்டறிக்கை உண்டு. எத்தனை டன் சரக்கு, எத்தனை மெகாவாட்டு மின்சாரம் என்று பக்கம் பக்கமாய் எழுத்து உண்டு. இவற்றின் அருகே வாழ்ந்த குடும்பங்களின் நாட்கணக்குக்கு அத்தகைய ஏடு எங்கே?

இக்குறை எப்பொழுது தெரியும் என்றால், தீங்கு நேரும் நாளில் தெரியும். 2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை சேர்ந்தது. வாளி கொண்டு அள்ளினர் நம் இளைஞர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படகையும் வலையையும் பற்றிற்று. அம்மாதம் 26-ஆம் நாள் இரவு அம்மோனியா வாயு கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனை சென்றனர். இத்தகைய காலங்களில் இழப்பை அளக்க வருவோர் முதலிற் கேட்கத்தக்க கேள்வி, "இதற்கு முன் நாளொன்றுக்கு எவ்வளவு கிடைத்தது?" என்பதே. நினைவிலிருந்து நூறு பேர் நூறு விதமாய்ச் சொன்னால் அது கணக்காகாது. தீங்கு நேருமுன்னரே, ஒருவர் பக்கமும் சாராமல், தேதியுடன் எழுதிய ஏடு இருக்குமாயின் அதன் சொல்லுக்கு மதிப்புண்டு. அவ்வேட்டை எழுத வல்லவர் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே.

ஆயின் முன்வரைவை எங்ஙனம் தொடங்குவது? மாணாக்கர் பலர் தலைப்பிலிருந்து தொடங்குகின்றனர். "வடசென்னை மீனவர் வாழ்வியல்", "எண்ணூரின் சுற்றுச்சூழல்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரி தோன்றாமல் திகைக்கின்றனர். தலைப்பு ஒரு கடல். கேள்வி அதில் வீசும் வலை. அகல உழுவதினும் ஆழ உழு என்பது நம்மவர் பழமொழி. கேள்வி வினாக்குறியோடு முடியும் ஒரே வாக்கியமாய் இருத்தல் வேண்டும்.

அக்கேள்வியை நான்கு விதமாய்ச் சோதித்துப் பார்க்கலாம். முதலாவது, அதற்கு விடை ஏற்கெனவே தெரிந்திருக்கிறதா? துறைமுகத்தின் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே செல்லும் மணலைத் தடுத்தமையால் தென்பால் மெரினா அகன்றதும், வடபால் இராயபுரக் கரையைக் கடல் அரித்ததும் பல்லாண்டுகளாகப் பொறியாளர் எழுதிவரும் செய்தி. அதையே மீண்டும் கேட்பது வீண் சிரமம். "இன்ன தெருவிலிருந்து கடலுக்குப் போன வீடுகள் எத்தனை, அவ்வீட்டார் எங்கே குடியேறினர்?" என்று கேட்பின், அது பொறியாளர் ஏட்டில் இராது, தெருவின் முதியோரிடமும் பழைய படங்களிலும் தேடத்தக்கது.

இரண்டாவது, உம்மால் விடை தேட இயலுமா? கழிமுகத்து நீரிற் கலந்த உலோகத்தை அளக்கச் சோதனைச்சாலை வேண்டும். அது உமது கல்லூரியில் இல்லையாயின் அக்கேள்வி நல்லதேயாயினும் உமக்குரியதன்று. மூன்றாவது, கிடைக்கும் காலத்துள் முடியுமா? நான்காவதே தலையாயது: விடை நீர் விரும்பியதற்கு மாறாய் வரக்கூடுமா?

இந்நான்காவதைச் சற்றே விரித்துச் சொல்வேன், பெரியோர் பொறுத்தருள்க. நம் மரபின் பழம்பெருமையை நிலைநாட்டுக என்று பிள்ளைகளிடம் நாம் சொல்லுவதுண்டு. பெருமை இருக்கலாம், ஆயினும் முடிவை முன்னரே கையில் கொடுத்து, சான்றைத் தேடி வா என்று அனுப்புவது ஆராய்ச்சியாகாது. ஆலை நிர்வாகம் தன் புகையால் தீங்கில்லை என்ற முடிவோடு அறிக்கை எழுதினால் நாம் ஏற்போமா? அதே நீதி நமக்கும் உரியதே. "இவ்வாறு கண்டால் என் கருத்துத் தவறு" என்னும் வாக்கியம் ஒன்று முன்வரைவில் இருக்கவேண்டும். அது பலவீனமன்று, அந்த ஏட்டை அயலாரும் நம்புவதற்கு அதுவே பிணை.

இனி ஓர் உதாரணத்தால் முழுவதையும் விளக்குவேன். இராயபுரத்து மாணவி ஒருத்தி, காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்கும் பெண்களைப்பற்றி ஆராய விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. 2017-க்கு முன் இத்தடை 45 நாளாக இருந்தது. "தடைக்காலத்தில் இப்பெண்கள் மீனை எங்கிருந்து பெறுகின்றனர், வாங்கும் பணத்துக்கு யாரிடம் கடன் கொள்கின்றனர்?" என்பது அவள் கேள்வி. நல்ல கேள்வியே. ஆனால் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தாளா? பல கல்லூரிகளில் ஆய்வேட்டை மார்ச்சு, ஏப்ரலிற் கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் முன்வரைவு எழுதுவோருக்குக் கண்ணாற் காணத் தடைக்காலமே கிடையாது.

இதற்கு வழி இரண்டு. ஸ்லேட்டரின் மாணாக்கர்போல், இறுதியாண்டு தொடங்குமுன் வரும் கோடை விடுமுறையிலேயே விசாரணையை முடித்துவிடலாம். அதற்கு முன்வரைவு இரண்டாமாண்டிலேயே எழுதப்படவேண்டும். அன்றேல் கேள்வியையே திருத்தலாம். ஐப்பசி, கார்த்திகையில் புயற்கூண்டு ஏற்றிப் படகு செல்லாத நாட்கள் உண்டல்லவா? "படகு செல்லும் நாளுக்கும் செல்லாத நாளுக்கும் இப்பெண்களின் கொள்முதலிலும் கடனிலும் என்ன வேறுபாடு?" என்று கேட்டால், பருவமழைக் காலத்திலேயே நேரிற் கண்டு எழுதலாம். கேள்வி சிறுத்துவிட்டதே என்று வருந்த வேண்டா. கையெட்டுமிடத்தில் வந்துவிட்டது என்று மகிழ்க.

அடுத்தது, முன்னோர் எழுதியதைப் படித்தல். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. மீன்பிடி முறைகளைப்பற்றி ஜேம்ஸ் ஹார்னல் போன்றோர் எழுதியவை உண்டு. இக்காலத்து மீன்வள ஆராய்ச்சி நிலையங்களின் அறிக்கைகளும் உண்டு. படித்தவற்றின் பெயர்களை அடுக்குவதால் பயனில்லை. "இவர் இதைச் சொன்னார்; இதைக் கேளாமல் விட்டார்; விட்ட இடத்தில் யான் தொடங்குகிறேன்" என்று ஒரு பக்கத்தில் எழுதினாற் போதும்.

அதன் பின்னர் வழிமுறை. எத்தனை பேரிடம் கேட்பது, அவர்களை எங்ஙனம் தேர்வது? தன் அத்தை, சித்தி, அடுத்த வீட்டார் என்று பத்துப் பேரைக் கேட்டு, வடசென்னைப் பெண்கள் எல்லாரும் இப்படியே என்று எழுதலாகாது. தலைச்சுமையாய்த் தெருவில் விற்போர், மார்க்கெட்டில் கடைபோட்டு உட்கார்ந்திருப்போர், கருவாடு விற்போர் என மூன்று வகையாரிலும் பத்துப் பத்துப் பேரைத் தேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். தேர்ந்த விதத்தையும் மறையாது எழுதவேண்டும்.

கேட்கும் விதமும் ஒரு கலை. "வழக்கமாக நாளொன்றுக்கு எவ்வளவு லாபம்?" என்று கேட்டால், நல்ல நாளையோ கெட்ட நாளையோ மனத்திற்கொண்டு விடை வரும். "நேற்று எத்தனை கூடை எடுத்தீர்கள், என்ன விலை, எவ்வளவு மிஞ்சிற்று?" என்று கேட்டால் கணக்கு வரும். அதே பெண்களிடம் வாரம் ஒருமுறை எட்டு வாரம் கேட்டால், முப்பது பேருக்கு 240 நாட்கணக்கு கைக்கு வரும். கூடை என்பது எல்லார்க்கும் ஒரே அளவன்று. ஒவ்வொரு வகைக் கூடையையும் ஒருமுறையேனும் தராசிலிட்டுப் பார்த்தல் வேண்டும். ஏலம் விடியுமுன் நடப்பது. அவ்வேளையில் போய் நின்று கேள்வி கேட்டால் வசவுதான் கிடைக்கும். பிற்பகலில் விற்று முடித்து அமர்ந்திருக்கையிற் கேட்கலாம். முதலில் மூவரிடம் கேட்டுப் பார்த்து, விளங்காத வினாக்களைத் திருத்திக்கொண்ட பிறகே மற்றையோரிடம் செல்லவேண்டும். இவை யாவும் முன்வரைவில் இடம்பெறத்தக்கவை.

இனிச் சொல்வது கடமையைப் பற்றியது. கேட்கப்படுவோர் தம் நேரத்தையும் அந்தரங்கத்தையும் நம்மிடம் கொடுக்கின்றனர். எதற்காகக் கேட்கிறோம் என்பதை விளங்கச் சொல்லி, அவர்கள் சம்மதித்த பின்னரே கேட்கவேண்டும். விருப்பமில்லையேல் நடுவில் நிறுத்திவிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. குறிப்பேட்டில் பெயர் வேண்டா, எண் போதும். ஒரே தெருவில் தண்டலுக்குப் பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் வசிக்கிறார்கள். யார் யாரிடம் எவ்வளவு பட்டிருக்கிறார் என்பது வெளிப்பட்டால் ஒரு குடும்பத்தின் மானமே போய்விடும். அக்குறிப்பேட்டை ஆசிரியரையன்றி வேறெவர் கேட்டாலும் காட்டலாகாது. நம் சங்கத்து நிர்வாகிகள் கேட்டாலும் காட்டலாகாது. இதனால் உங்களுக்கு அரசாங்கப் பணம் வரும் என்று ஆசை காட்டுவதும் பாவம். ஏடு முடிந்த பின்பு, கண்டதைத் தமிழில் இரண்டு பக்கமாய்ச் சுருக்கி, அப்பெண்களிடமே சென்று வாசித்துக் காட்டவேண்டும். பிழையிருந்தால் அவர்களே முதலில் சொல்லுவார்கள்.

கடைசியாக, காலமும் செலவும். எந்த வாரத்தில் படிப்பது, எந்த வாரங்களில் விசாரிப்பது, எப்பொழுது எழுதுவது என்று அட்டவணையிடுக. எழுதுவதற்கு நீங்கள் நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு நாள் ஒதுக்குக. மழை, தேர்வு, வீட்டு விசேஷம் எல்லாம் வரும். பஸ் கட்டணம், படி எடுக்கும் செலவு, குறிப்பேடு என்று செலவையும் கணக்கிடுக. இவ்வாராய்ச்சி எதைச் சொல்லாது என்பதையும் ஒரு பத்தியில் ஒப்புக்கொள்க. முப்பது பெண்களின் கணக்கு முப்பது பெண்களின் கணக்கே. திருவொற்றியூருக்கும் பழவேற்காட்டுக்கும் அது தானாகப் பொருந்தாது.

இவ்வளவு சிரமம் எதற்கு, பணம் கொடுத்தால் அட்டை போட்ட ஆய்வேடே கடையிற் கிடைக்கிறதே என்று சொல்லும் இளைஞரும் உண்டு. இப்பொழுது கணினியே நொடியில் எழுதித் தருகிறது. அது வாக்கியம் தரும். நேற்று ஒருத்தி எடுத்த கூடையின் விலையை அது அறியாது. விலைக்கு வாங்கிய ஏட்டால் மதிப்பெண் வரலாம். ஆனால் மேற்படிப்புக்கோ உத்தியோகத்துக்கோ செல்லும்போது, உன் கேள்வி என்ன, ஏன் முப்பது பேர், எதிர்பாராதது எதைக் கண்டாய் என்று ஒருவர் கேட்டால் வாய் அடைத்துப்போம். தானே செய்தவர்க்கு அவ்விடத்தில் அச்சமில்லை. நம் குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகளுக்கு இத்துணிவே பெரிய சொத்து.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். மகள் மார்க்கெட்டுக்கும் துறைமுகத்துக்கும் சென்று விசாரிக்க வேண்டுமென்றால் தடுக்காதீர்கள். தக்க துணையோடு அனுப்புங்கள். இது படிப்பைத் தவிர்த்துச் சுற்றுவதன்று, படிப்பேயாகும். சங்கத்துக்கும் மூன்று விண்ணப்பங்கள். ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் எழுதும் ஆய்வேட்டில் ஒரு படி நம் படிப்பகத்தில் வைக்கப்படவேண்டும். விசாரணைக்குச் செல்லும் ஏழை மாணாக்கர்க்குப் பஸ் கட்டணமேனும் கல்வி நிதியிலிருந்து கொடுக்கவேண்டும். தொழில் அறிந்த முதியோரிடம் மாணாக்கரை அறிமுகப்படுத்தி, அதன்பின் ஒதுங்கி நிற்கவேண்டும். முடிவு எதுவாயினும் அதில் தலையிடலாகாது. அடுத்த முறை கடலிலோ காற்றிலோ தீங்கு வந்து, முன்பு என்ன இருந்தது என்று ஒருவர் கேட்கும்போது, அந்தப் படிப்பக அலமாரியிலிருந்து ஓர் ஏட்டை எடுத்துக் கொடுக்கும் நிலை நமக்கு வாய்க்கவேண்டும்.

இளஞ்செல்வர்களே, இன்றிரவு உறங்குமுன் ஒரு தாளை எடுத்து, உங்கள் தெருவைப்பற்றி உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வி ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். நாளைக் காலை நான்கு சோதனைகளாலும் அதைச் சோதித்துத் திருத்துங்கள். பின்பு அதை உங்கள் ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். முன்வரைவின் முதற்பக்கம் அவ்வாறே பிறக்கும்.